‘நோ சார்’ சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது

1. ‘வெல்கம்’ சொன்ன பிறகு என்ன சொல்வது?

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் இலையை மிதித்து வழுக்கி விழுந்தார். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நான் ஆங்கிலம் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இது எழுபதுகளின் நடுவில், மலாய் நாட்டு மலைத் தோட்டம் ஒன்றில். கிராணி ஐயா அலுவலகத்தில் கடிதம், பதிவு எல்லாம் பார்ப்பவர். தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவர்தான். நான் தொழிற்சாலைக்குள் கரும்பலகைக்காரன். அரைத்த கொழுந்து எத்தனை மணிக்கு ரோலரிலிருந்து இறங்கியது, எத்தனை மணிக்கு ட்ரையருக்குப் போனது என்று பலகையில் எழுத வேண்டும். சாயங்காலம் அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

அன்று ஒரு வேன் நிறையப் பயணிகள் வந்து வாசலில் நின்றார்கள். மேனேஜர், நாங்கள் துரை என்று அழைக்கும் ஆங்கிலேயர், அங்குமிங்கும் பார்த்துவிட்டு என்னைப் பிடித்தார். “மணியம், நீ பள்ளிக்கூடம் போனவன். இவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு” என்றார் ஆங்கிலத்தில்.

“யெஸ் சார்” என்றேன்.

பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய பையனுக்கு அந்த வேலை முடியுமா என்று நான் யோசிக்கவே இல்லை. துரை எதைச் சொன்னாலும் வாயில் வருவது யெஸ் சார்தான். மலையில் கவாத்து வெட்டிய என் அப்பா எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த ஆங்கிலமே அது. எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரு முறையே இருந்தது. கொழுந்தை உலர்த்தும் ஃபேன் ஓடுகிறதா என்று துரை கேட்டால், ஓடாவிட்டாலும் யெஸ் சார் சொல்ல வேண்டும். அவர் படியிறங்கிப் போனதும் நான்கு பேர் ஓடிப்போய் ஃபேனைச் சரிசெய்து ஓடவிட வேண்டும். அவர் திரும்பி வரும்போது நாம் சொன்னது உண்மையாகியிருக்கும். யாரும் யாரிடமும் ‘இல்லை’ சொல்ல வேண்டியதில்லை. பல வருஷம் இப்படித்தான் தேயிலை காய்ந்தது.

பயணிகளிடம் “வெல்கம்” என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மெஷின் மெஷினாகப் போய் நின்று, கையைக் காட்டி, “ரோலர்” என்றேன். “ட்ரையர்” என்றேன். கடைசியில் “தேங்க்யூ” என்றேன். ஒரு மணி நேரத்துக்கு மொத்தம் நான்கு சொல். வயதான ஓர் அம்மையார் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இவ்வளவு அமைதியாகத் தங்களைப் பார்க்க விட்ட வழிகாட்டியை எங்கும் கண்டதில்லை என்று துரையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கிராணி ஐயாவின் கால் ஆறு வாரத்தில் சரியானது. ஆனால் அந்த வேலையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. “நீயே வெச்சுக்கப்பா. அவுங்க கேக்குற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி என் தொண்ட போச்சு” என்றார்.

2. ‘ஸாரி’ என்று யார் சொல்ல வேண்டும்?

துரையோடு பேசுகிறவன் என்ற பெயர் வந்ததும், ஆங்கிலத்தில் சந்தேகம் உள்ளவர்கள் எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள். குழாயடியில் பிடித்துக்கொள்வார்கள். தானா ராத்தா பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். ஆள் கூட்டம் என்றாலே சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பவன் நான். ஆனால் கேள்வி என்று வந்தால் தப்பிக்க முடியாது.

கொழுந்து எடுக்கும் லெட்சுமி அக்கா ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். “தம்பி, தப்பு செஞ்சவங்கதான ஸாரி சொல்லணும்? முன்ன ஒருக்கா போட்டோ எடுத்த வெள்ளக்காரம்மா என் வூட்டுக்காரரு எங்கன்னு கேட்டுச்சு. கிராணி ஐயா, செத்துப் போயிட்டாருன்னு சொன்னாரு. ஒடனே அந்தம்மா ஸாரிங்குது. அது என்னா பண்ணுச்சு பாவம்?”

“உங்க கஷ்டத்துக்கு வருத்தப்படுதுன்னு அர்த்தங்க்கா.”

“அப்ப சரி. நான் பரவால்லன்னு சொல்லி அத மன்னிச்சு வுட்டுட்டேன்.”

கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரிக்காரர் சின்னையாவுக்கு உச்சரிப்புதான் கவலை. அவர் ‘வெஜி’ என்று சொல்லி மூச்சுவிட்டு ‘டேபிள்’ என்பார். ஈப்போவில் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். துரை எப்படிச் சொல்கிறார் என்று ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “நடுவுல உள்ளத முழுங்கிடணும் அண்ணே. வெஜ்டபுள்” என்றேன். “எழுதறப்ப முழுசா எழுதிட்டு, பேசறப்ப ஏன்டா முழுங்குறானுங்க?” என்று கேட்டார்.

நானும் தவறு செய்தேன். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் “பசியாறியாச்சா?” என்று கேட்போம். அந்த மரியாதையைப் பயணிகளுக்கும் தரலாம் என்று வாசலில் நின்றபடி ஒவ்வொருவரையும் சாப்பிட்டாயிற்றா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஒரு பொட்டலம் பிஸ்கெட்டை என் கையில் வைத்துவிட்டார். பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. யெஸ் சார் என்று வாங்கிக்கொண்டேன்.

3. ‘எத்தனாவது’ என்பதற்கு ஆங்கிலம் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் முனியாண்டி அண்ணன். இந்தக் கதையே அவருடையதுதான்.

ரோலரில் அரைபட்ட கொழுந்தை ஃபெர்மெண்டிங் ரூமில் தரையில் பரப்பி வைப்போம். பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாகும். எந்த நேரத்தில் அதை அள்ளி ட்ரையருக்கு அனுப்புவது என்பதில்தான் தேநீரின் ருசி இருக்கிறது. முன்னால் அள்ளினால் பச்சை வாடை அடிக்கும். பின்னால் அள்ளினால் சப்பென்று போய்விடும். பதினோரு வருஷமாக அந்த முடிவு முனியாண்டி அண்ணனின் மூக்கில் இருந்தது. ஒரு பிடி எடுத்து முகர்வார். “இன்னும் இல்ல” என்பார். மறுபடி முகர்வார். “இப்ப அள்ளு” என்பார். நான் பலகையில் நேரத்தை எழுதுவேன்.

அதற்கு முன் அவர் வெளிக்காட்டில் புல் வெட்டியவர். சரிவில் உருண்டு வலது முழங்கால் கெட்ட பிறகுதான் உள்ளே வந்தார். படியேறும்போது இன்னமும் சுவரைப் பிடித்துக்கொள்வார்.

ரோலருக்குப் புதிதாக வந்த சீன மெக்கானிக்கிடம், இந்தக் கொழுந்துக்கு இது எத்தனாவது ரோல், அதாவது எத்தனாவது அரைப்பு, என்று ஆங்கிலத்தில் கேட்க அவருக்கு ஆசை. “மலாய்ல கெபெராபான்னு ஒரே வார்த்தைல கேட்டுப்புடலாம். இங்கிலீஷ்ல என்னாடா?”

எனக்குத் தெரியவில்லை. தைரியத்தைத் திரட்டித் துரையிடமே கேட்டேன். கொழுந்து, ரோலர், விரல் எல்லாவற்றையும் காட்டி விளக்கினேன். அவர் வெகுநேரம் நெற்றியைத் தடவினார். அப்படி ஒரு வார்த்தை இல்லை, முதலாவதா இரண்டாவதா என்றுதான் கேட்க வேண்டும் என்றார்.

இதைச் சொன்னதும் முனியாண்டி அண்ணன் ரூம் அதிரச் சிரித்தார். “ஒலகத்துல பாதிய ஆண்டவனுங்க. இது எத்தனாவது நாடுன்னு கேக்கத் தெரியாமயா ஆண்டானுங்க? சரிலா, போ.”

4. ஐம்பது நிமிடம்

ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் தேயிலையை நிறைய வாங்கும் ஒரு கம்பெனியிலிருந்து உயரமான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். ருசி பார்த்துத் தரம் சொல்வது அவர் தொழில். துரை பல் பிடுங்க ஈப்போ போயிருந்தார். நான்தான் கூட்டிப்போனேன்.

ஃபெர்மெண்டிங் ரூமில் அவர் குனிந்து ஒரு பிடி எடுத்தார். விரலால் தேய்த்தார். இது ரொம்ப நேரமாகக் கிடக்கிறது, அப்படித்தானே என்று கேட்டார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. எதிரே சுவரிலிருந்த பலகையில், கொழுந்து இறங்கிய நேரம் ஒன்பது பத்து என்று என் கையெழுத்தில் இருந்தது. கடிகாரத்தில் மணி பத்து. ஐம்பது நிமிடம்தான். வெக்கையான ஊர்களில் வேண்டுமானால் அது அதிகம். எங்கள் மலைக் குளிரில் இன்னும் அரை மணி வேண்டும். இதைச் சொல்லத் தேவையான ஆங்கிலமும் என்னிடம் இருந்தது. நோ சார், ஃபிஃப்டி மினிட்ஸ். நான்கே சொல்.

“யெஸ் சார்” என்றேன்.

முனியாண்டி அண்ணனைக் காட்டி, இவர் அடிக்கடி இப்படி விட்டுவிடுவாரா என்றார்.

“யெஸ் சார்.”

மேனேஜருக்குத் தெரியுமா?

“யெஸ் சார்.”

அவர் ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதினார். ஆங்கிலம் தெரியாத முனியாண்டி அண்ணன் விருந்தாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார். வெள்ளைக்காரர் வெளியே போனதும், “என்னாடா சொன்னாரு?” என்று கேட்டார்.

“நல்லா இருக்குன்னாருண்ணே.”

“பின்ன? யாரு மூக்கு” என்று எனக்கு ஒரு டம்ளர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

அன்று முழுவதும் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். மற்ற யெஸ்களைப் பின்னால் ஓடிப்போய்ச் சரிசெய்துவிடலாம். இதை எப்படிச் சரிசெய்வது?

5. ‘நான் தப்பு பண்ணல’

மறுநாள் புதன்கிழமை கம்பெனியிலிருந்து துரைக்குப் போன் வந்தது. மத்தியானம் முனியாண்டி அண்ணனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். துரை பேச, கிராணி ஐயா தமிழில் சொன்னார். கொழுந்தை அளவுக்கு மீறிப் போட்டுவைக்கிறாராம். நம் ஆட்களே ஒத்துக்கொண்டார்களாம். திங்கட்கிழமையிலிருந்து அவர் மறுபடி வெளிக்காட்டுக்குப் போக வேண்டும். ஃபெர்மெண்டிங் ரூமுக்கு வேறு தோட்டத்திலிருந்து ஆள் வரும்.

சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு காகிதமும் பென்சிலும் இருந்தன.

“மணியம், நான் தப்பு பண்ணலன்னு இங்கிலீஷ்ல எப்புடிடா சொல்றது? எழுதிக் குடு. மனப்பாடம் பண்ணி நேரா தொரகிட்டயே சொல்லிப்புடுறேன்.”

எழுதிக் கொடுத்தேன். ஐ டிட் நாட் டூ ராங்.

“நல்லா இருக்குன்னுட்டுப் போனவருகிட்ட அப்புறம் எவனோ ஒத்துக்கிட்டானாம்லா. எவன்னு தெரிஞ்சா பரவால்ல. என்னாத்தப் பாத்து ஒத்துக்கிட்டான்னு கேக்கலாம். சரிவுல ஏறி இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் எப்புடிடா புல்லு வெட்டுவேன்?”

நான் என்னையே காட்டியிருக்க வேண்டும். பென்சிலை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். வியாழன் முழுவதும் அவர் குழாயடியில், படிக்கட்டில், கொழுந்து முன்னால் நின்றுகொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ‘ராங்’ என்பதில் நாக்கை எங்கே வைப்பது என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். நான் சொல்லிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டப்பட்டு யாருக்கும் உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்ததில்லை.

6. பெரியவரிடம் ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமை கிராணி ஐயாவிடம் போனேன்.

“ஐயா, தொர நெனைக்கிறது சரியில்லன்னு இங்கிலீஷ்ல மரியாதயா எப்படிச் சொல்றது?”

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “சொல்றதே இல்ல. அதான் மரியாத.”

நானே ஒரு வழி தேடினேன். ஆரம்பத்தில் எக்ஸ்க்யூஸ் மீ போடலாமா, கடைசியில் ப்ளீஸ் போடலாமா என்று பல மாதிரி அடுக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் நடுவில் அந்த ‘நோ’ கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. சனிக்கிழமை காலை குளிக்கும்போது தண்ணீரை ஊற்றிக்கொண்டே, “நோ சார், நோ சார்” என்று சொல்லிப் பழகினேன். வெளியிலிருந்து என் மனைவி கேட்டாள். “உள்ள யாருகிட்ட வேணாம் வேணாங்கிறீங்க?”

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். துரை பேசியதை இங்கே தமிழில் தருகிறேன். நான் பேசியதை அப்படியே தருகிறேன். அது அவ்வளவுதான்.

“என்ன மணியம்? முனியாண்டி விஷயமா? அது முடிந்துவிட்டது. புரிகிறதா?”

“நோ சார்.”

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பேச வராது என்று சுவரில் இருந்த தோட்ட வரைபடத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“முனியாண்டி நோ ராங். ஐ ராங். விசிட்டர் ஆஸ்க், டூ லாங். ஐ சே யெஸ். நாட் ட்ரூ. ஃபிஃப்டி மினிட்ஸ் ஒன்லி. ஐ ரைட், போர்ட்.” நோட்டை விரித்து மேசையில் வைத்தேன்.

அவர் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் பார்த்தார். முந்தைய பக்கங்களைத் திருப்பினார். பிறகு கேட்டார். “அப்புறம் ஏன் யெஸ் சொன்னாய்?”

“பிக் மேன் சார். பிக் மேன், ஆல்வேஸ் யெஸ்.”

“என்னிடமுமா?”

“யெஸ் சார்” என்றேன். இந்த யெஸ் உண்மை.

அவர் நோட்டை மூடினார். “மூன்றாம் நம்பர் ஃபேன் ஓடுகிறது என்று போன வாரம் சொன்னாய்.”

“நோ சார்.”

“எத்தனை நாளாக?”

“டூ மன்த்ஸ்.”

அதற்குப் பினாங்கிலிருந்து சாமான் வர வேண்டியிருந்தது. நான்கு பேர் ஓடிப்போய்ச் சரிசெய்ய முடியாத ஃபேன் அது.

“நான் போட்ட புது நோட்டீஸ் எல்லாருக்கும் புரிந்தது என்றாய்.”

“நோ சார்.”

“ஒருவருக்குமே புரியவில்லையா?”

“கிராணி ஐயா... லிட்டில்.”

கதவுக்கு வெளியே இருந்த மேசையில் கிராணி ஐயா தலையைக் குனிந்து எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு நேராக ஃபேன் இருக்கும் மாடிக்குப் போனார். திரும்பி வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனிக்காரருக்குப் போன் செய்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் பேசினார். கதவைத் திறந்து, “திங்கட்கிழமை முனியாண்டி உள்ளேயே இருக்கட்டும்” என்றார். “நீ பலகைக்குப் போ.”

அடுத்தது இதைவிடக் கஷ்டம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஃபெர்மெண்டிங் ரூமுக்குப் போய், “திங்கக்கெழம நீங்க இங்கதாண்ணே” என்றேன். “ஒத்துக்கிட்டவன் நான்தான்.”

முனியாண்டி அண்ணன் கையிலிருந்த கொழுந்தைக் கீழே போட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தேநீர் டம்ளர் இருந்த பக்கத்தைப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

“இங்கிலீஷ்ல திட்டறதுக்கு என்னா வார்த்தடா?”

தெரிந்த இரண்டைச் சொன்னேன். இரண்டையும் என் மேல் உபயோகித்தார். உச்சரிப்பு நன்றாக இருந்தது. அடுத்த சில வருஷம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எனக்கு அவை கிடைத்துக்கொண்டே இருந்தன. தேநீர் மட்டும் மூன்று வாரம் ஊற்றித் தரவில்லை.

எழுதிக் கொடுத்த வாக்கியத்தை அவர் துரையிடம் சொல்ல வேண்டியே வரவில்லை. அதற்குப் பதிலாக என்னிடம் வேறு ஒன்று கேட்டார். “இன்னும் பத்து நிமிசம் ஆவும்னா எப்புடிடா?”

இப்போது டவுனில் ஆங்கில வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், முதலில் எந்த வார்த்தையைக் கற்றுக்கொள்வது என்று என்னைக் கேட்கிறார்கள். யெஸ் உங்களுக்கே தெரியும், நோவைப் பழகிக்கொள்ளுங்கள் என்கிறேன். அதற்குப் பின்னால் மரியாதையாக ஒரு சார் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் நாம் கண்ணால் பார்த்ததை, நம் கையால் எழுதியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறினால், அடி இன்னொருவர் முழங்காலில் விழும்.

அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று மாதம் கழித்து அந்த உயரமான கம்பெனிக்காரர் திரும்ப வந்தார். துரையும் கூட இருந்தார். கம்பெனிக்காரர் குனிந்து ஒரு பிடி எடுத்து, இது தயாரா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் முனியாண்டி அண்ணனைப் பார்த்தேன். கேள்வியை அவருக்குத் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள், அவரே விருந்தாளியின் கையிலிருந்ததை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“நோ சார். டென் மினிட்ஸ்.”

கம்பெனிக்காரர் துரையைப் பார்த்தார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார். கம்பெனிக்காரரும் போய்ப் பக்கத்தில் நின்றார். பத்து நிமிடம் கழித்து முனியாண்டி அண்ணன் இன்னொரு பிடி எடுத்து முகர்ந்து, “இப்ப அள்ளு” என்றார். நான் பலகையில் நேரத்தை எழுதினேன்.